மட்டையின் கழுத்தில் நூல்

நூல் மறுபடியும் நழுவிவிட்டது. மெழுகு கூடிப்போய்விட்டது, வேறொன்றுமில்லை. கோல்ஃப் மட்டையின் கழுத்தில், மரத்தலையும் தண்டும் சேருகிற இடத்தில், மெழுகு பூசிய நூலை இடைவெளி தெரியாமல் நெருக்கிச் சுற்றிக்கொண்டே வந்து, கடைசியில் நுனியைச் சுற்றுகளுக்கு அடியில் இழுத்து மறைத்துவிட வேண்டும். முடிச்சு வெளியே தெரியக் கூடாது. இந்த ஊரில் பாதிப் பேருடைய வாய்க்குள், நாக்கு ஒரு பக்கம் தள்ள, எச்சில் ஒரு பக்கம் ஊற, கன்னத்துக்கும் கடைவாய்க்கும் நடுவே தையல் போட்டவன் நான். மேஜைமேல் அசையாமல் கிடக்கிற ஒரு கட்டைக்கு நூல் சுற்ற எனக்குத் தெரியாதா? ஜட்ஜாக உட்காரவேண்டுமாம். நிழலில் நாற்காலி போட்டுவிடுவார்களாம். காலையில் கோதண்டபாணி போனில் கூப்பிட்டபோது குரலில் அப்படி ஒரு இனிப்பு, கிளப் செக்ரட்டரி ஆனதிலிருந்தே அந்த இனிப்புதான், இனிப்பு சாப்பிடுகிறவன் பல் என்ன கதி ஆகும் என்று எனக்குத் தெரியும். "டாக்டர், சனிக்கிழமை ஆட்டத்துக்கு நீங்க ஜட்ஜா இருந்தா எங்களுக்குப் பெருமை. உங்க பழைய மட்டை செட்டை மட்டும் சீஃப் கெஸ்ட்டுக்குக் குடுத்துடலாம், என்ன? உங்க கைக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டா இருக்கும்." கைக்கு! என் கைக்கு ரெஸ்ட் வேண்டும் என்று இவனிடம் யார் போய்ச் சொன்னது? நான் பதில் சொல்வதற்குள், சரி டாக்டர், ஆள் அனுப்பி எடுத்துக்கறேன் என்று வைத்துவிட்டான். ஆள் அனுப்புவானாம். சலவைத் துணியா இது?

இந்தப் போட்டியே என்னுடைய யோசனை. இரும்புத் தண்டும் கார்பன் தண்டும் வருவதற்கு முன்னால் ஹிக்கரி என்கிற மரத்தில் தண்டு செய்து ஆடினார்களே, அந்தப் பழைய மட்டைகளை மட்டும் வைத்து ஒருநாள் ஆடிப் பார்க்கலாம் என்று கமிட்டியில் எழுந்து நின்று சொன்னவன் நான். அப்போது சிரித்தார்கள். அப்புறம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் சீஃப் கெஸ்ட்டாக வருகிறார், அவருக்கு இது பிடித்திருக்கிறது என்றதும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அவரவர் எங்கெங்கோ தேடி வாடகைக்கு வரவழைத்திருக்கிறார்கள், பாதிக்குத் தலை ஆடுகிறது, பாதிக்குத் தண்டு வளைந்திருக்கிறது. ஒழுங்காக ஆடக்கூடிய செட் இந்த ஊரில் இது ஒன்றுதான். இதை எங்கே கண்டெடுத்தேன் என்று கோதண்டபாணிக்குத் தெரியுமா? மேல் எஸ்டேட்டின் பழைய பங்களாவை ரிசார்ட் ஆக்கினார்களே, அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்குப் பல்வலி என்று என்னைக் கூட்டிப்போனார்கள். பின்பக்கம் கை கழுவப் போனால், வெந்நீர் பாய்லருக்குப் பக்கத்தில் இந்த மட்டைகளை விறகோடு விறகாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஏற்கனவே ஒன்று எரிந்து கொண்டிருந்தது. தோல் பிடி கருகி நாறியது. நான் போட்ட சத்தத்தில் அந்தப் பெண்மணி பல்வலியோடு ஓடி வந்துவிட்டாள். டாக்டர் சார், வேணும்னா எடுத்துட்டுப் போங்க, இதுக்குப்போய் ஏன் கத்தறீங்க என்றான் மேனேஜர். இதுக்குப்போய்! அந்த நாறல் நன்றாக நினைவிருக்கிறது. மூக்கு அப்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. எதற்கு மூக்கைப் பற்றி நினைக்கிறேன்? நூலைப் பார். நூலைப் பார்த்துச் சுற்று. இடது கையால் தண்டைத் திருப்பிக்கொண்டே, வலது கையால் நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுத்துப் பிடிக்கும்போது ஆடுவதில்லை. சும்மா மடியில் வைத்திருக்கும்போதுதான் அந்தக் கட்டைவிரல், ஏதோ ஒரு சின்ன உருண்டையை ஆள்காட்டி விரலோடு சேர்த்து உருட்டுகிற மாதிரி. குளிர்தான். இந்த மலையில் மழை முடிந்து பனி இறங்குகிற நேரத்தில் யாருக்குத்தான் கை நடுங்காது?

சீஃப் கெஸ்ட் இதை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நாலு அடி அடிப்பார், போட்டோ எடுத்துக்கொள்வார், ஈரத்தோடு கார் டிக்கியில் போடுவார். இரும்புத் தலைகளில் துரு எப்படிப் பிடித்திருந்தது! உப்புத்தாள் வைத்து ஒரே தேய்ப்பாகத் தேய்த்தால் ஒரு நாளில் பளபள என்று ஆகிவிடும், கூடவே அடித்தவன் கை பட்டுத் தேய்ந்த அடையாளம், பட்டறைக்காரன் குத்திய சின்ன முத்திரை எல்லாம் போய்விடும். பல்லில் கறை எடுக்கிறேன் என்று எனாமலையும் சேர்த்துச் சுரண்டுகிற மடையர்கள் இருக்கிறார்களே, அந்த வேலை. நான் அப்படிச் செய்யவில்லை. எண்ணெயில் ஊறவைத்து, பாத்திரம் தேய்க்கிறதைவிட மிக மெல்லிய கம்பி நாரால் ஒத்தி ஒத்தி எடுத்தேன். மட்டையின் முகத்தில், பந்து படுகிற பக்கத்தில் உள்ள கோடுகளை என்னுடைய பழைய கொக்கியால், எத்தனையோ பேர் ஈறைத் தொட்ட கொக்கியால், ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தேன். துருவுக்குக் கீழே பழுப்பும் கருநீலமுமாக ஒரு நிறம் வருமே, பழைய இரும்புக்கு மட்டும் வருகிற நிறம், அதை அப்படியே விட்டேன். தண்டுகளுக்கு ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, கை சூடு ஏறும்வரை. காய்ந்து கிடந்த மரம் எண்ணெயைக் குடித்ததைப் பார்த்திருந்தால்! போன வருஷம் கோதண்டபாணி தன் மாமனாருடைய புட்டரை, பந்தைக் குழிக்குள் தட்டுகிற மட்டையை, ஆட்டோ பம்பருக்கு முலாம் பூசுகிற இடத்தில் கொடுத்து நிக்கல் பூசி வாங்கிவந்து என்னிடம் காட்டினான், எப்படி டாக்டர் என்று. கட்டில் கால் மாதிரி இருக்கிறது என்றேன். அந்தக் கோபமோ? அதற்குத்தான் பழி வாங்குகிறானோ? இல்லை, அவனுக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது. அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கை என்ற வார்த்தை அவன் தலைக்குள் தானாக முளைத்திருக்காது.

பிரிசில்லாவாகத்தான் இருக்கும். மருமகள் என்று ஊரெல்லாம் மெச்சிக்கொண்டிருந்தேன். அவளும் பல் டாக்டர்தான், என் கிளினிக்கில் என் நாற்காலியைத்தான் வைத்திருக்கிறாள், என் பெயர்ப்பலகைக்குக் கீழே தன் பெயரை அதைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாள். மாமா, நீங்க ரெஸ்ட் எடுங்க, நான் பாத்துக்கறேன். எல்லோரும் எனக்கு ரெஸ்ட் கொடுப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். அன்றைக்கு அந்த ஸ்கூல் டீச்சருக்கு மரத்துப்போகிற ஊசி போடப் போனபோது பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி முனை கொஞ்சம் அலைந்தது, அவ்வளவுதான். நான் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடியும் போனேன். டீச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அம்மாளுடைய கண்கள், வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களுக்குக் கண்களைத் தவிரப் பேசுவதற்கு வேறெதுவும் இல்லை, அந்தக் கண்கள் என் விரலையே பார்த்தன. மறுவாரம் நானாகத்தான் சொன்னேன், போதும், இனி நீ பார்த்துக்கொள் என்று. நானாக. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு. பீட்டர் சார் என்று ஒரு போஸ்ட்மாஸ்டர் என்னிடம் பல்செட் கட்ட வருவார். சிரிக்கவே மாட்டார், முகத்தில் பசை தடவிக் காயவைத்த மாதிரி இருக்கும். கடித்துக் காட்டுங்கள் சார் என்றால் ரொம்ப நேரம் கழித்துக் கடிப்பார். மடியில் அவர் கை உருண்டை உருட்டிக்கொண்டே இருக்கும். நான் அதைப் பார்க்காத மாதிரி இருப்பேன், அது மரியாதை என்று நினைத்துக்கொண்டு. அந்த நரம்பு நோயில் அவருக்கு முதலில் போனது வாசனை. மல்லி வாசனையே தெரியவில்லை டாக்டர், உங்க ஸ்பிரிட்டு வாசனைகூடத் தெரியலை என்றார் ஒருநாள். இந்த ஆளைப் பற்றி எதற்கு இப்போது? இவர் வேறு. எனக்கு எல்லா வாசனையும் தெரியும். இந்த எண்ணெயில்தான் வாசனை இல்லை. போன தடவை வாங்கிய டின்னிலும் இல்லை. கலப்படம். இந்த நாட்டில் ஆளிவிதை எண்ணெயில்கூடக் கலப்படம் செய்கிறார்கள், கேட்க ஆள் இல்லை.

நுனி மறுபடியும் வளையத்துக்குள் போகாமல் பக்கத்தில் போய் முட்டுகிறது. இன்னொரு தடவை. எச்சில் தொட்டு முறுக்கி, இன்னொரு தடவை. சனிக்கிழமை, போன சனிக்கிழமை, பயிற்சிக்குப் போனபோது நடந்ததை வைத்துக்கொண்டு இவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தால் அது அக்கிரமம். அது பிடியின் தவறு. பழைய தோல் பிடி, நான் போட்ட தோல் சோப்பு இன்னும் உள்ளே இறங்கவில்லை, வழுக்கியது. மேலே தூக்கி இறக்கும்போது வலது கை கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான், மட்டை கையை விட்டுக் கிளம்பிவிட்டது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டை பறந்தது. அழகாகக்கூடப் பறந்தது, சுழன்று சுழன்று, புல் வெட்டுகிற பெண்கள் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. பக்கத்தில் என்றால் அவ்வளவு பக்கத்தில் இல்லை. ஒருத்தியின் சோற்றுத் தூக்கு கவிழ்ந்தது, பயத்தில் அவளே தட்டியிருப்பாள். இன்னொருத்தி மட்டையை எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்து, என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "ஐயா, கீழ வுழுந்துடுச்சுங்க" என்றாள். கர்ச்சீப் விழுந்ததை எடுத்துத் தருகிற மாதிரி. என்னைத் திட்டியிருக்கலாம். கண் தெரியலையா என்று கேட்டிருக்கலாம். அந்தப் பெண் திட்டாதது எனக்கு இன்னும் ஆறவில்லை. திட்டுவதற்குக்கூட லாயக்கில்லாதவனாக, பாவம் என்று விட்டுவிடுகிற ஆளாக, நான் எப்போது ஆனேன்? ஒரு அடி, ஒரே ஒரு அடி தள்ளி விழுந்திருந்தால். இல்லை. அதை நினைக்க மாட்டேன். தோல் சோப்பு. பிடியைப் பிரித்து வேறு தோல் சுற்றியாகிவிட்டது. அது முடிந்த விஷயம்.

என் மனைவி பியூலா காப்பியோடு உள்ளே வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு ஜன்னலையாவது திறந்து வைக்கக் கூடாதா? ஹால் வரைக்கும் எண்ணெய் நெடி. எனக்குத் தலையே வலிக்குது."

"இதுல நெடியே இல்லை. கலப்படம்" என்றேன்.

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள், டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பொத்திய முந்தானைக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. நான் டின்னை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனேன். ஆழமாக இழுத்தேன். தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. கண் எரிந்தது, அவ்வளவுதான், வாசனை என்று ஒன்று இல்லவே இல்லை, இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. பீட்டர் சாரின் முகம் எங்கிருந்தோ வந்து நின்றது. அதை விரட்டுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி சத்தம் போடுவதுதான்.

"உன் மருமகள் என்ன வேலை பண்ணியிருக்கா தெரியுமா? கோதண்டபாணிகிட்டப் போய் என் கை நடுங்குதுன்னு சொல்லியிருக்கா. அவன் என்னை ஜட்ஜா உக்காரச் சொல்றான். போனைக் கொண்டா. அவளை இப்பவே நாலு வார்த்தை கேக்கணும்."

"அவளைக் கேக்காதீங்க."

"ஏன் கேக்கக் கூடாது? என் நாற்காலியிலே உக்காந்துக்கிட்டு..."

"நான்தான் சொன்னேன்."

தண்டை மேஜையில் வைத்தேன். சுற்றிவைத்த நூல் அத்தனையும் தளர்ந்து, சுருள் சுருளாகப் பிரிந்து கொண்டது. பாதி மத்தியான வேலை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவளா? என்னோடு ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி பட்டன் போட்டுவிட்டுக்கொண்டு. பட்டன். போன மாதத்திலிருந்து சட்டையின் மேல் பட்டனை அவள்தான் போட்டுவிடுகிறாள். நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வந்து போட்டுவிட்டுப் போவாள், காலர் கோணலாக இருந்தது என்பாள். எனக்கு அது அன்பு என்று தோன்றியிருந்தது. இப்போது வேவு பார்த்ததாகத் தோன்றியது.

"என்கிட்ட சொல்லாம ஊருக்குச் சொன்னியா?"

"உங்ககிட்ட எத்தனை தடவை சொல்றது? குளிருங்கறீங்க, மெழுகுங்கறீங்க, கலப்படம்ங்கறீங்க. போன சனிக்கிழமை நான் கிளப் வராந்தாவுலதான் உக்காந்திருந்தேன். மட்டை போனதைப் பாத்தேன். அந்தப் பொண்ணு கையில இருந்த சோறு கொட்டினதையும் பாத்தேன். நீங்க வந்து உக்காந்து, இன்னைக்கு வெயில் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. நான் அன்னைக்கு ராத்திரி தூங்கலை."

"பிடி வழுக்கிச்சு."

"சர்ச்சுக்கு உங்க பக்கத்துலதானே நடந்து வர்றேன்? இடது கை வீசுது, வலது கை வீசலை. கடன் வாங்கின கை மாதிரி ஒட்டிக்கிட்டு வருது. அதுக்கும் பிடி வழுக்கிச்சா?"

கோபம் வருவதற்கு ஒரு வாசல் வேண்டும். எல்லா வாசலையும் இவள் சாத்திக்கொண்டே வந்தாள். நான் எழுந்து ஜன்னலைத் திறந்தேன். கீழே பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து தேயிலை மேல் படுத்திருந்தது. எவ்வளவு நாளாக என் கை வீசவில்லை? நடக்கும்போது கையை யார் கவனிப்பார்கள்? கவனித்திருக்கிறாள். கண்ணாடி பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு, பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள், நான் பக்கத்தில் பிரசங்கத்தைக் குறை சொல்லிக்கொண்டே வர. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு வந்தது இதுதான்: சரி, என் கை இப்படி என்றால், இதைச் சொன்ன உடனே அந்தக் கோதண்டபாணி என்ன செய்தான்? மட்டையைத்தானே கேட்டான்?

"அதனாலதான் செட்டையும் அவனுக்குத் தூக்கிக் குடுக்கச் சொன்னியாக்கும்" என்றேன்.

"எந்த செட்டை?"

"இதைத்தான். சீஃப் கெஸ்ட் ஆடறதுக்கு. ஆள் அனுப்பறானாம்."

பியூலாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். முந்தானை கீழே இறங்கியது. "அதை நான் சொல்லலையே" என்றாள். "உங்களுக்கு ஒரு கௌரவமா ஒரு வேலை குடுங்க, ஆட விடாதீங்க, யார் மேலயாவது பட்டுடப் போகுதுன்னுதான் சொன்னேன். மட்டையைக் கேட்டாரா? வீட்டு மனுஷன் மாசக்கணக்கா எண்ணெயும் நாறலுமா உக்காந்து பண்ணினதை? அவர் எப்படிக் கேக்கலாம்?" சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டாள். எனக்கு ஒரு அற்பமான சந்தோஷம் வந்தது, இந்தக் கோபத்தில் நான் தனியாக இல்லை என்று. ஆனால் அவள் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போது எனக்கு இன்னொன்றும் தோன்றியது. என் கையைப் பற்றி எனக்குத் தெரியாமல் அவளும் அவனும் பேசினார்கள். இப்போது என் மட்டையைப் பற்றியும் அவளும் அவனும் பேசப்போகிறார்கள். நான் நடுவில், நிழலில், நாற்காலியில்.

"இங்க குடு" என்று வாங்கினேன்.

"கோதண்டபாணி, நான் ஞானசிகாமணி பேசறேன்."

"சொல்லுங்க டாக்டர், ஆள் கிளம்பிட்டான், இப்ப..."

"திரும்பி வரச் சொல்லுங்க. என் கை நடுங்குது."

சொல்லிவிட்டேன். என் வாயில் அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் அந்த இனிப்பு. "ஐயோ, அதெல்லாம் வயசானா எல்லாருக்கும் உள்ளதுதானே டாக்டர்."

"எல்லாருக்கும் இல்லை. எனக்கு. அதனால சனிக்கிழமை நான் ஆடலை. ஜட்ஜாவும் உக்காரலை. மட்டையும் வராது."

"டாக்டர், சீஃப் கெஸ்ட்கிட்ட சொல்லிட்டோமே! அவர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"என்னைக் கேக்காமதானே அவர்கிட்ட சொன்னீங்க. இதையும் என்னைக் கேக்காம ஏதாவது சொல்லுங்க."

வைத்தபோது கை நன்றாகவே ஆடியது. போன் மேஜையில் தட்டித் தட்டி ஒரு சத்தம் போட்டது. மறைக்கலாமா என்று பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மறைக்கவில்லை. அவள் பிரிந்து கிடந்த நூலை எடுத்து முறுக்கு நீக்கினாள், மட்டையின் கழுத்தில் வைத்துத் தன் ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "சுத்துங்க" என்றாள். சுற்றினேன். நூல் அவள் நகத்தின் ஓரமாக உராய்ந்து உராய்ந்து ஏறியது. இரண்டு இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது, பிரித்துச் சுற்றினேன். கடைசியில் நுனியை அவளே வளையத்துக்குள் விட்டாள், நான் இழுத்தேன், உள்ளே போய் மறைந்தது. இது என் வேலை, இதில் இனி இவள் விரலும் இருக்கும் என்று ஒரு எரிச்சல், அந்த எரிச்சல் வெகு நேரம் நிற்கவில்லை. யார் ஆடப்போகிறார்கள் இதை வைத்துக்கொண்டு? தெரியாது. விறகாகப் போகாது, அது போதும்.

"கோயமுத்தூர்ல நரம்பு டாக்டர் யாராவது இருப்பாங்க. விசாரிச்சுப் பாரு" என்றேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"நம்பர் இருக்கு."

"எப்ப வாங்கினே?"

"அது எதுக்கு உங்களுக்கு? பேசுங்க."

இதையும் எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கிறாள். கேட்டால் மறுபடியும் சண்டை. அவளே எண்ணைப் போட்டு என் காதில் வைத்தாள். மணி அடித்தது. ஏதோ ஒரு பாட்டு ஓடியது, அப்புறம் ஒரு சின்னப் பெண்ணின் குரல், அவசரமாக. அப்பாயின்ட்மென்ட் வேண்டும் என்றேன்.

"பேர் சொல்லுங்க சார்."

"டாக்டர் ஞானசிகாமணி."

"அந்தப் பேர்ல இங்க டாக்டர் யாரும் இல்லைங்களே சார். பேஷண்ட் பேர் சொல்லுங்க."

பியூலா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் பின்னால் வேறு யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"பேஷண்ட் பேர் சார்?"

"அதான் சொன்னேனேம்மா" என்று கத்தினேன். "ரெண்டும் ஒரே ஆளுதான்."